பின் சுவரைப் பயனுள்ளதாக்குக

பள்ளி திறக்க ஒன்பது நாள் இருக்கும்போது செய்தி மடல் வந்தது. பதினான்கு பக்கம். முதல் பக்கத்தில் தலைமையாசிரியையின் படம். இரண்டாம் பக்கத்தில், அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவர் நின்றிருந்த இடத்தின் படம். குழந்தைகளைப் பற்றிய செய்தி பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியாக இருந்தது: அவர்களைக் காலை எட்டேகாலுக்குள் கொண்டுவந்து விட வேண்டும். மற்றதெல்லாம் பெற்றோரைப் பற்றியது.

லிஃப்ட் மெக்கானிக் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மின்சுற்று வரைபடத்தைப் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தார். இருபத்துமூன்று கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. வரைபடங்களுக்கு அவர் பயந்ததில்லை. எந்த வரைபடத்திலும் மின்சாரம் உள்ளே வரும் இடம் ஒன்று, வெளியே போகும் இடம் ஒன்று இருக்கும். இதில் வெளியே போகும் இடத்தைக் காணவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தார். மேசைக்கடியில் அவர் வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். வீட்டுக்கு வந்தும் அரைமணி நேரம் யார் கையைப் பார்த்தாலும் நரம்பைத்தான் தேடுவாள்.

"இந்த வருஷத்துலேருந்து பிள்ளைங்க எந்த வரிசையில உட்காரணுங்கறது நம்மளைப் பொறுத்ததாம்."

"நாம எங்கே உட்கார்றோம்?"

"நாம கடைசியில இருக்கோம்."

திட்டம் இதுதான். பெற்றோரின் பங்கேற்புக்குப் புள்ளிகள் உண்டு. புள்ளிகளுக்கு ஏற்ப நிறம். நிறத்துக்கு ஏற்பப் பிள்ளையின் வரிசை. பச்சைப் பெற்றோரின் பிள்ளைகள் முதல் இரண்டு வரிசை, மஞ்சள் அடுத்த இரண்டு, சிவப்பு ஐந்தாவது. வரிசை எண்கள் வகுப்பறைத் தரையில் பெயின்டால் எழுதப்பட்டாயிற்று. ஏழு பேர் கொண்ட குழு வரைபடத்தில் கையெழுத்திட்டாயிற்று. வருடம் முடியும்வரை அதை யாராலும் மாற்ற முடியாது, அந்த ஏழு பேராலும்கூட.

எல்லோரும் சிவப்பில்தான் தொடங்கினார்கள். ஆனால் இரண்டாம் வகுப்பின் முப்பத்தொரு குடும்பங்களில் இருபத்தைந்து விடுமுறையிலேயே சிவப்பைத் தாண்டியிருந்தன. பள்ளியின் கைபேசிக் குழுவில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் கைதட்டும் படம் அனுப்பினால் கால் புள்ளி. மெக்கானிக்கின் கைபேசி, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவதற்காக இருந்தது. அதில் அவர் யாருக்கும் கைதட்டியதில்லை.

இவ்வளவையும் பொறுத்துப் போயிருப்பார். பட்டாணியின் கண்தான் பிரச்சினை.

பட்டாணி அவர் மகள். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் வந்த பெயர், இப்போது ஒல்லியான பிறகும் போகவில்லை. அவளுடைய இடது கண் பெயருக்குத்தான். வலது கண் கனமான கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணின் வேலையையும் பார்த்தது. அந்தக் கண்ணாடியோடும் முன்வரிசையில் உட்கார்ந்தால்தான் போர்டு தெரியும் என்று கண் டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். போன வருடம் அந்தக் கடிதம் போதுமானதாக இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பங்கேற்பு ஒருங்கிணைப்பாளரிடம் போனார். போன வருடம் நூலகமாக இருந்த அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். புத்தகங்கள் தாழ்வாரத்தில் பெட்டிகளில் இருந்தன.

"இது யார் எழுதினது?"

"கண் டாக்டர் சார்."

"அவர் பெற்றோரா?"

"இல்லை சார். டாக்டர்."

"அதைத்தான் கேக்கறேன். பெற்றோர் எழுதினா அரைப் புள்ளி போடலாம். மூணாம் மனுஷர் எழுதினதை நான் எங்கே சேர்க்கறது?"

"முன்னாடி உட்கார்ந்தா அவளுக்குப் போர்டு தெரியும் சார். அவ்வளவுதான்."

"போர்டு தெரியறதும் தெரியாததும் பிள்ளையோட விஷயம். நாம பேசிட்டிருக்கிறது பெற்றோர் பங்கேற்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க சார்." பிறகு குரலைத் தணித்து, நல்லது சொல்பவரைப் போலச் சொன்னார்: "நாற்பது புள்ளி சேருங்க. பச்சை தானா வரும். வியாழக்கிழமை அறிமுகக் கூட்டம். கடைசிக் கைதட்டல்வரைக்கும் இருந்தா அஞ்சு."

வியாழக்கிழமை பெற்றோர் எல்லோரும் இரண்டாம் வகுப்பு பெஞ்சுகளில் உட்காரவைக்கப்பட்டார்கள். முழங்கால் முகவாயைத் தொட்டது. தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். அறை சிறியது, மைக் பெரியது.

"முன்னெல்லாம் பெற்றோர் பிள்ளைகளை எங்ககிட்ட விட்டுட்டு வேலைக்குப் போயிடுவாங்க. நாங்க பாடம் நடத்துவோம். எவ்வளவு பின்தங்கிய நிலை, பாருங்க!" என்றார். "இன்னிக்கு நான் பெருமையாச் சொல்வேன். போன மாசம் முழுக்க எங்க ஆசிரியர்கள் பாடக்குறிப்பு ஒண்ணுகூட எழுதலை. உங்க பங்கேற்பைப் பதிவு பண்ணத்தான் நேரம் சரியா இருந்தது."

கைதட்டினார்கள். மெக்கானிக்கின் சட்டைப் பையில் கைபேசி துடித்தது. பெஞ்சுக்கடியில் குனிந்து எடுத்தார்.

"யார் மாட்டியிருக்கீங்க?"

"நான்தான், பல் டாக்டர். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல."

"மூச்சு விட முடியுதா?"

"மூச்சுக்கு என்ன, தாராளமா விடலாம். என் பையன் ஸ்கூல்ல கூட்டம்யா. அஞ்சு புள்ளி."

"ரெண்டாம் வகுப்பா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கேன்."

தலைமையாசிரியை உயர்வு, மேலும் உயர்வு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப வராதீங்க," என்றார் பல் டாக்டர். "நம்மள்ல ஒருத்தராவது வாங்கட்டும்."

மெக்கானிக் எழுந்துவிட்டார். ஒரு மனிதன் பெட்டிக்குள் நின்றுகொண்டிருக்கும்போது அவரால் உட்கார முடியாது. அது தொழில் பழக்கம். கதவருகே ஒருங்கிணைப்பாளர், "இப்பப் போனா வந்ததாவே கணக்கு இல்லை சார்," என்றார். இருபத்தைந்து நிமிடத்தில் பல் டாக்டர் வெளியே வந்தார். அதற்குள் அவர் லிஃப்டுக்குள் நின்றபடியே கைபேசியில் கூட்டத்தைப் பார்த்து, கடைசியில் கைதட்டவும் செய்திருந்தார்.

மறுநாள் வந்த செய்தி மடலில் பல் டாக்டரின் படம் இருந்தது. 'இரு மாடிகளுக்கு நடுவிலும் தளராத தந்தை.' அவருக்கு முப்பது சிறப்புப் புள்ளிகள், பச்சை அட்டை. மெக்கானிக்குக் கூட்டத்துக்கு இடையூறு செய்ததற்காக இரண்டு குறைந்தது.

பள்ளி திறந்தது. பட்டாணி ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு போர்டுல என்ன எழுதினாங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

அவள் யோசித்தாள். "வெள்ளையா எழுதினாங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து, தன்னை வெளியே எடுத்த நன்றிக்காக, பல் டாக்டர் தன் பையனின் நோட்டைப் படமெடுத்து அனுப்புவார். மெக்கானிக் உதிரிபாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, கருப்பு மார்க்கரால் பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் சாய்த்துவைப்பார். ஒரு பாடத்துக்கு நான்கு பெட்டி ஆயிற்று. அவள் தரையில் உட்கார்ந்து எழுதுவாள். இதற்குப் புள்ளி இல்லை. இது வீட்டில் நடப்பது, பள்ளிக்குத் தெரியாது.

புள்ளி பள்ளியில்தான் இருந்தது. மெக்கானிக் அலைந்தார். பெற்றோருக்கான வீட்டுப்பாடம் வந்தது: 'என் குழந்தையின் பள்ளியும் நானும்', நான்கு பக்கத்துக்கு மிகாமல், நான்கு பக்கத்துக்குக் குறையாமல். எழுதினார். பெற்றோர் சேர்ந்திசைக்கு ஒத்திகை வைத்தார்கள், போனார். பாடியதற்கு மூன்று, குரல் வராமல் உதட்டை மட்டும் அசைத்ததற்குக் கழிவு இரண்டு. பெற்றோர் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தார், கைபேசி அடித்ததால் ஓடிய ஓட்டம் அது. அப்படியே வாசலைத் தாண்டி ஓடிவிட்டதால் பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போயிற்று. கணித வகுப்பைப் பெற்றோர் 'உணர்ந்து பார்க்க' வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை அவர்களை வகுப்பில் உட்காரவைத்தார்கள். இடம் போதாததால் குழந்தைகள் வெளியே மைதானத்தில் நின்றார்கள். மெக்கானிக்குக் கூட்டல் நன்றாக வந்தது. இரண்டு மாத முடிவில் அவரிடம் பதினொரு புள்ளி இருந்தது. முதல் தேர்வில் பட்டாணி இருபதுக்கு நான்கு வாங்கியிருந்தாள். நான்கும், டீச்சர் வாயால் படித்த கேள்விகள்.

அப்போதுதான் வகுப்பறையை அழகுபடுத்தும் சனிக்கிழமை வந்தது.

முன் சுவரில் 'பங்கேற்பு மரம்' வரைய முடிவாகியிருந்தது. பச்சைப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய பெரிய இலை. மஞ்சளுக்கு மொட்டு. சிவப்பானவர்களைக் கீழே சருகாக வரையலாமா என்று பேசிப் பார்த்து, மனம் புண்படும் என்று கைவிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தனித்தனி வேலைச்சீட்டு தரப்பட்டது. மெக்கானிக்கின் சீட்டில் ஒரு வரி: 'பின் சுவரைப் பயனுள்ளதாக்குக.'

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார்.

"அதை நீங்களே கண்டுபிடிக்கறதுதான் பங்கேற்பு."

மரம் வரைய வசதியாகப் போர்டைக் கழற்றச் சொன்னார்கள். எட்டு போல்ட். ஸ்பானர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பல் டாக்டர் ஒரு பக்கம் பிடிக்க, இருவரும் போர்டை இறக்கிப் பின் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மாலை நான்கு மணிக்கு மரம் முடிந்தது. சுவர் முழுக்கப் பரவிய மரம். நடுவே, மிகத் தடிமனாக, தண்டு. தண்டில் தலைமையாசிரியையின் பெயரும் அவர் வாங்கிய பட்டங்களும்.

"போர்டைத் திரும்ப மாட்டிடலாமா மேடம்?" என்று கேட்டார் மெக்கானிக்.

தலைமையாசிரியை போர்டைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். "எங்கே மாட்டுவீங்க?"

"இருந்த இடத்துலதான்."

"தண்டு மறைஞ்சிடுமே."

இலையில் பெயர் இருந்த பெற்றோர் தத்தம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து வேலைச்சீட்டை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். கால் ஆடுவது நின்றிருந்தது. பிறகு சீட்டை நீட்டினார்.

தலைமையாசிரியை படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "பின் சுவரைப் பயனுள்ளதாக்குக! பாருங்க, எவ்வளவு தூரம் யோசிச்சுத் திட்டம் போட்டிருக்கோம்!"

மெக்கானிக் பின் சுவரில் துளை போட்டார். போர்டைக் குழந்தைகளின் கண்மட்டத்துக்குத் தக்கபடி கொஞ்சம் தாழ்வாகவே ஏற்றினார். ரசமட்டம் வைத்துக் கோணல் இல்லையென்று சரிபார்த்தார். சரியாக நிறுத்திய எதற்கும் அடியில் பென்சிலால் ஒரு சிறிய அம்புக்குறி போடுவது அவர் வழக்கம். இருபத்துமூன்று கட்டடங்களில் எல்லா லிஃப்டுக் கதவுக்கும் கீழே அது இருக்கும். தேடுகிறவனுக்குத்தான் தெரியும். இங்கும் போட்டார்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. முதல் வரிசை முதல் வரிசையாகவே நீடிக்கும். தரையில் எண் எழுதப்பட்டுவிட்டது. மாணவர்கள் மரத்தை நோக்கியே அமர்வார்கள். போர்டில் எழுதப்படும்போது திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். முப்பத்தொரு குழந்தைகளும் கழுத்தைத் திருப்பினார்கள். வகுப்பு டீச்சர் ஐந்தாவது வரிசைக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினார்.

அன்று மாலை பட்டாணி அட்டைப்பெட்டிக்காகக் காத்திருக்கவில்லை. நோட்டைக் காட்டினாள். இரண்டு பக்கம், முழுதாக. மெக்கானிக் நோட்டைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"போர்டு பத்தி எங்கேயும் வாயைத் திறந்துடாதீங்க," என்றாள் மனைவி. "யாராவது யோசிக்க ஆரம்பிச்சாங்கன்னா போச்சு."

யாரும் யோசிக்கவில்லை. பச்சைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகள் தங்கள் இலைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் படத்தைக் கைபேசிக் குழுவில் போட்டுக் கைதட்டிக்கொண்டார்கள். பல் டாக்டர் மட்டும் மெக்கானிக்கைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்: "பையன் கழுத்து வலிங்கறான். சிவப்புக்கு எப்படிங்க போறது? அடுத்த கூட்டத்தன்னிக்கு லிஃப்டைக் கொஞ்சம் நிறுத்தி வைங்களேன்."

"நிறுத்தினா உங்களுக்குப் பச்சையில இன்னொரு பச்சை போடுவாங்க சார்."

அடுத்த தேர்வில் பட்டாணி பத்தொன்பது வாங்கினாள். ஆபத்து அங்கிருந்து வந்தது.

கடிதம் இப்படி இருந்தது: 'மதிப்பெண் உயர்வுக்குப் பெற்றோர் பங்கேற்பைத் தவிர வேறு காரணம் எதுவும் இப்பள்ளியில் இல்லை. எனவே தாங்கள் இரகசியமாகப் பங்கேற்று வருவது தெரியவந்துள்ளது. தங்களுக்குப் பச்சை வழங்கப்படுகிறது. வரும் திங்கள் முதல் தங்கள் மகள் முதல் வரிசையில் அமர்வார். ஆட்சேபம் இருந்தால் குழந்தையுடன் நேரில் வரவும்.' ஆட்சேபம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், இதுவரை யாருக்கும் இருந்ததில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது.

"முன்னாடி போகணுமாப்பா?" என்று கேட்டாள் பட்டாணி.

"பாக்கலாம்."

ஆட்சேபம் சொல்லக் கிளம்பிய வெள்ளிக்கிழமை காலை பட்டாணியின் ரிப்பனைக் காணவில்லை. மனைவி வேலைக்குப் போய்விட்டிருந்தாள். மெக்கானிக் தான் வழக்கமாகப் பின்னும் இரட்டைப் பின்னலை, கம்பிவடம் முறுக்குவதுபோல இறுக்கிப் பின்னி, நுனியில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அழைத்துப் போனார்.

தலைமையாசிரியை அறையில் மூவர் இருந்தார்கள். அவர், ஒருங்கிணைப்பாளர், யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த வகுப்பு டீச்சர்.

"பச்சை வேண்டாங்கறீங்க," என்றார் தலைமையாசிரியை. "ஏன்?"

"எனக்குத் தகுதி இல்லை மேடம். நான் எதுலயும் பங்கேற்கலை."

"வீட்ல பாடம் சொல்லித் தர்றதில்லையா?"

"இல்லை மேடம்."

"பள்ளியில என்ன நடந்ததுன்னு கேப்பீங்களா?"

அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். ஒரு சுற்றில் லேசாகத் தட்டியது. போல்ட் தளர்ந்திருக்க வேண்டும். "கேக்கறதில்லை மேடம்."

"பெத்தவங்க பொய் சொல்லலாம்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "அடக்கம்னு ஒண்ணு இருக்கு. பிள்ளையைக் கேட்டுடலாம்."

தலைமையாசிரியை பட்டாணியைப் பக்கத்தில் அழைத்தார். "உங்கப்பா உனக்குப் பாடம் சொல்லித் தருவாராம்மா?"

பட்டாணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தூரத்தில் அவர் முகம் அவளுக்குத் தெரியாது. அவர் உருவம் மட்டும் தெரியும்.

"மாட்டார்."

"நோட்டு, புத்தகம் எடுத்து வைப்பாரா?"

"மாட்டார்."

"தலை வாரி விடுவாரா?"

"மாட்டார்." அவள் தலையை ஆட்டியபோது இரண்டு பின்னலும் ஆடின. நுனியில் சிவப்பு டேப் அறையிலிருந்த எல்லோர் கண்ணுக்கும் நேரே ஆடியது.

"உன் மேல அன்பா இருப்பாரா?"

ஃபேன் தட்டிக்கொண்டே இருந்தது. வகுப்பு டீச்சர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"தெரியலை மேடம்," என்றாள் பட்டாணி. "அவர் லிஃப்ட் பாக்கப் போயிடுவார்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தீங்களா?" என்றார் மற்ற இருவரிடம். "இந்த மாதிரி அப்பாக்களைக் கண்டுபிடிக்கத்தானே இந்தத் திட்டமே! முன்னெல்லாம் ஒரு குழந்தையோட முகத்தைப் பார்த்துத்தான் வீட்டு நிலைமையைத் தெரிஞ்சுக்கணும். எவ்வளவு நேரம் ஆகும்! இப்ப முகத்தைப் பார்க்கற வேலையே இல்லை." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பட்டாணியின் கையில் வைத்து அழுத்தினார். "பத்தொன்பது நீயா வாங்கினதும்மா. தைரியமா இரு."

பங்கேற்கவில்லை என்று எழுதித் தருவதற்குப் படிவம் கிடையாது. ஒருங்கிணைப்பாளர் வெள்ளைத் தாளை நீட்டி வாசகத்தைச் சொல்லச் சொல்ல, மெக்கானிக் எழுதினார். 'என் மகளின் கல்வியில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. இனியும் இருக்காது.' இரண்டாவது வாக்கியத்தில் பேனா நின்றது. இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். சிவப்பு அட்டை நிரந்தரமானது. நிரந்தரச் சிவப்பானவர்கள் வாசலுக்கு உள்ளே வரக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லி அனுப்பினார்கள்.

மாலை அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார். அன்று எந்த லிஃப்டும் நிற்கவில்லை. மணி அடித்தது. பட்டாணி வந்தாள், புத்தகப்பை ஒரு தோளில் தொங்க. சாலையைக் கடக்க அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு தெரு நீளம் நடந்தார்கள்.

"சரியாச் சொன்னேனாப்பா?"

"சரியாச் சொன்னே."

மிட்டாயைப் பிரித்து, பாதியைக் கடித்து, மீதியை அவர் கையில் வைத்தாள். அது பிசுபிசுவென்று ஒட்டியது. அவர் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

"இன்னிக்கு போர்டுல இருந்ததெல்லாம் சொல்லட்டுமா?" என்றாள். சொன்னாள். தேதி, கிழமை, மொத்தம் முப்பத்தொண்ணு, வந்தவங்க முப்பது. தவளை எப்படி மூச்சு விடும். ஏழாம் வாய்ப்பாடு. ஓரத்தில் சின்னதாக, அழிக்காதீர்கள் என்று டீச்சர் எழுதி, அதை யாரோ பாதி அழித்திருந்தது. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு நின்றாள்.

"அப்புறம் போர்டுக்குக் கீழே, சுவத்துல, பென்சில்ல ஒரு அம்புக்குறி இருக்கு. குட்டியா. நம்ம வீட்டு அலமாரிக்குக் கீழே இருக்கிற மாதிரியே." அண்ணாந்து பார்த்தாள். "நீ போட்டதா?"

"இல்லை," என்றார் மெக்கானிக். "எனக்கு எந்தப் பங்கும் இல்லை."

அவள் சிரித்த சிரிப்பில் எதிரே வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.